நாற்பத்தொன்று

மதுரையிலிருந்து தாள் வருவதற்கு
மூன்று வாரம் முன்னாலேயே எனக்குத் தெரியும்.

சிங்கிலித் தீவுக்கு மேற்கே, ஆளுயரத் தண்ணீரில்,
விரல்களில் துணி சுற்றிக்கொண்டு
பாரில் மரிக்கொழுந்து பறித்துக்கொண்டிருந்தேன்.
மூச்சை அடக்கியதும் எண்ணத் தொடங்குவது பழக்கம்.
கல்யாணத்துக்கு முன்னால் எழுபது.
பூவிழி பிறந்தபின் அறுபத்தைந்து.
முதல் நோயில் பதினெட்டு.
மாத்திரை முடித்த பிறகு
வட்டிக்கடன் அடைகிற மாதிரி மெல்ல ஏறி
ஐம்பத்தெட்டில் நின்றது.
அன்றைக்கு நாற்பத்தொன்றில்
தலை தானாக மேலே வந்துவிட்டது,
நான் சொல்லாமலே.

கொண்டல் காற்று, தண்ணீர் குளிர்ச்சி என்று நினைத்தேன்.
ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.
மறுபடி முங்கினேன். முப்பத்தொன்பது.

"என்னடி, எதுவும் கொட்டிருச்சா?"
படகு விளிம்பிலிருந்து நம்புசெல்வி.
ஆமாம் என்றேன்.

இருபது மாதம் தின்றிருக்கிறேன்.
காலையில் பதினொன்று, கஞ்சிக்கு மேல்.
ஆறு மாதம் ஊசி; இடது காது அதோடு போனது.
தோல் கருவாட்டு நிறமானபோது
கருவாடு விற்கிறவளே பார்த்துச் சிரித்தாள்.
ஒருநாளும் விடவில்லை.
இதை அழுத்திச் சொல்கிறேன்,
எல்லோரும் முதலில் கேட்பது அதைத்தான்.
பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளிலும் விழுங்கினேன்.
மாமனார் செத்த அன்று
பிணத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விழுங்கினேன்,
ஒப்பாரிக்கு நடுவே செம்பை நிமிர்த்தி.
மேற்பார்வையாளர் அபுதாகிர்
அட்டையில் கட்டம் கட்டமாக டிக் போட்டார்.
கடைசிக் கட்டத்தன்று பாலத்தடியில்
பாதாம்பால் வாங்கித் தந்தார்.
குணமானவர் என்று எழுதிக் கையெழுத்துப் போட்ட அந்த அட்டை
இன்னும் அரிசிப் பானைக்குள் இருக்கிறது.

எங்கள் பெண்களுக்குள் ஒரு சட்டம் உண்டு.
பாசியை வேரோடு சுரண்டக் கூடாது.
ஒரு விரற்கடை விட்டுப் பறித்தால்
அடுத்த பருவத்துக்குத் தானாக வரும்.
ஒருமுறை ஆசைப்பட்டுச் சுரண்டினேன்,
ஐநூறு ரூபாய் அபராதம் வாங்கினார்கள்.
என் நெஞ்சுக்குள் யாரோ
அந்தச் சட்டத்தை மதித்திருக்கிறார்கள்.

இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை.
மூன்றாம் நாள் படகில்
காற்று வெளியேறுகிற பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.
போன தடவையும் அங்கேதான் உட்காருவேன்.
நம்புசெல்வி பார்த்தாள். கேட்கவில்லை.
பிளாஸ்க் மூடியில் தேத்தண்ணி ஊற்றி
பாதி குடித்துவிட்டு, துடைக்காமல், என்னிடம் நீட்டினாள்.
வாங்கிக் கடலில் கவிழ்த்தேன்.
கை நடுங்கியதில் மூடியும் போய்விட்டது.
மூடிக்காகத்தான் திட்டினாள், கரை வரைக்கும்.
இறங்கும்போது மட்டும்
என் மூட்டையையும் சேர்த்து அவளே தூக்கினாள்.

விடிகாலைச் சளி, சின்ன டப்பா,
ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி, பிறகு மதுரை.
தாள் வந்த அன்று அபுதாகிர் வண்டியை நிறுத்திவிட்டு
ஞாபகமாக என் வலது பக்கம் வந்து நின்றார்.
இந்தத் தடவை ஊசி இல்லம்மா, புது மருந்து.
எத்தனை மாதம்?
மதுரையில் சொல்வாங்க.
அப்புறம் படிவத்தைப் பார்த்துக்கொண்டே,
"நடுவுல மாத்திரைய விட்டீங்களா?"
டிக் போட்டது நீங்கதானே என்றேன்.
"தெரியும். இதுல ஒரு கட்டம் இருக்கு,
கேட்டுத்தான் எழுதணும்."
இல்லை என்று எழுதினார்.
பேனா மை இறங்காமல், அதன் மேலேயே
இன்னொரு தடவை எழுதினார்.

வியாழக்கிழமை பூவிழிக்கும் நெஞ்சுப் படம் எடுக்க வேண்டுமாம்.
இன்றைக்குச் செவ்வாய்.

பள்ளிக்கூடம் விட்டு வந்தவளை
குழாயடி வாளியில் முகம் முக்கச் சொன்னேன்.
விளையாட்டு என்று நினைத்துக்கொண்டாள்.
முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு
எட்ட நின்று எண்ணினேன்.
சடை வாளிக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.
கால்விரல்கள் மண்ணைப் பிறாண்டின.

தண்ணீர் சொட்டச் சொட்ட நிமிர்ந்து
எத்தனைம்மா என்றாள்.
ஐம்பத்திரண்டு.
கூட்டிச் சொல்லவில்லையே என்றாள். இல்லை என்றேன்.

இன்னொரு தடவை, என்றேன்.