பிஸ்கட் தட்டு

கெயோன் துறைமுகத்தில் ஒன்பதாம் நாளாக மழை.
மீன் ஆலையின் இரண்டாம் மாடி.
மேசைக்கு அந்தப்புறம் நால்வர்,
இந்தப்புறம் நாங்கள் மூவர்,
நடுவில் ஒரு தட்டு பிஸ்கட்.

தொடுவதில்லை என்று முதல் நாளே பேசிக்கொண்டோம்.
உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்று
நாளை எவரும் சொல்லிவிடக் கூடாதல்லவா.
மிர்த்தா கார்க்கமோ ஃபிளாஸ்க்கில் வெந்நீர் கொண்டுவருவாள்.
ஒரே குவளை மாத்தே, ஒரே குழல், மூன்று வாய்.
நொல்பெர்த்தோ பிஸ்கட்டைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்ப்பான்.
இருட்டிய பிறகு
ஜன்னலிலும் பிஸ்கட்தான் தெரியும்.

குறிப்பெடுப்பது நான்.
சால்மனில் முள் பிடுங்கும் வரிசையில் பதினோரு வருடம்.
வலக்கையில் இரண்டு விரலுக்குப் பேனா இருப்பது தெரியாது;
கண்ணால் பார்த்தே பிடித்துக்கொள்கிறேன்.

சம்பளம் நான்காம் நாளே முடிந்துவிட்டது.
கேட்டது எட்டு, கிடைத்தது நாலரை.
கொடுத்தவர்களும் வாங்கியவர்களும்
தோற்றதாக நினைத்து வீட்டுக்குப் போகிற எண்.
போகட்டும்.

மாட்டிக்கொண்டது பதினான்காம் பிரிவில்.
‘பணியாளர் கழிப்பறை செல்ல
மேற்பார்வையாளர் நியாயமான நேரம் அனுமதிப்பார்.’

நியாயமான.
மிர்த்தா அதை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்,
துண்டை வாயிலிட்டு முள் தேடுகிறவள் மாதிரி.
“நியாயம்னா எத்தனை நிமிஷம்?”

சாந்தியாகோவிலிருந்து விமானத்தில் வந்த வக்கீல்
சின்னப் பையன், மரியாதையானவன்.
“எண் போட்டால், அதைத் தாண்டிய முதல் நிமிடத்தில்
சங்கடம் உங்களுக்குத்தான் அம்மா” என்றான்.
அதில் பொய்யில்லை.
அதுதான் எரிச்சல்.

மிர்த்தா பையைத் திறந்தாள்.
வெள்ளை அங்கி, ரப்பர் பூட்ஸ்,
பிளாஸ்டிக் ஏப்ரன், கைமறைப்பு,
உள்ளே கம்பளிக் கையுறை, மேலே ரப்பர் கையுறை,
தலைவலை, முகமூடி.
ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு
வரிசையில் நிற்கிறவளாக நின்றாள்.
“நேரம் பாருங்க தம்பி.”

பிறகு கழற்றினாள்.
அவசரமில்லை, நாடகமில்லை.
கை கழுவும் இடத்தில் கை கழுவினாள், காற்றில்.
அறுபது தப்படி நடந்தாள், மேசையைச் சுற்றி.
எல்லோரும் நாற்காலியை முன்னுக்கு இழுத்து வழிவிட்டோம்.
கதவருகில் நின்று கேட்டாள்.
“மூணு நிமிஷம் அம்பது” என்றான் பையன்.
“இன்னும் நான் உள்ளேயே போகல.”

திரும்பி உடுத்தும்போது
இடது கைமறைப்பின் ரப்பர் முறுக்கிக்கொண்டது.
மேலாளர் ஓயார்சோ எட்டிப் பிடித்து
உள்ளிருந்து வெளியே ஒரு திருப்பு திருப்பிவிட்டார்.
வரிசையில் நின்றவர்களுக்கு மட்டும் தெரிந்த திருப்பு.
கை தானாகச் செய்துவிட்டது போல.
உடனே தன் காகிதங்களுக்குள் குனிந்துகொண்டார்.

பத்து கேட்டோம்.
ஐந்து என்றார்கள்.
நள்ளிரவு தாண்டி ஏழில் நின்றது,
‘உடை மாற்றும் நேரம் நீங்கலாக.’

அச்செடுத்து வந்த தாளில்
‘உட்பட’ என்றிருந்தது.

தட்டச்சுப் பிழை என்றார்கள்.
இருக்கலாம்.
பதினோரு வருடம் நான் தேடியது
இதைவிடச் சின்ன முட்களை.
பேனாவால் அடித்தேன், மேலே எழுதினேன்,
ஏழு பேரும் ஓரத்தில் சுருக்கொப்பம் வைத்தோம்.
என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரியவில்லை.

மணி மூன்றே கால்.
நொல்பெர்த்தோ யாரையும் கேட்காமல்
ஒரு பிஸ்கட்டை எடுத்துக் கடித்தான்.
மென்றான்.
“நமுத்துப்போச்சு” என்றான்.
வக்கீல் பையனும் ஒன்றை எடுத்துக் கடித்து
ஆமாம் என்று தலையாட்டினான்.

நாளை உடற்பயிற்சிக் கூடத்தில் வாக்கெடுப்பு.
குடல் எடுக்கும் மேசையிலிருந்து ரொசாவ்ரா எழுந்து
பத்து ஏன் ஏழானது என்று கேட்பாள்.
கேட்கத்தான் வேண்டும்.
பதிலை இன்னும் குறிப்பில் எழுதவில்லை.
மழையில் மூவரும் நடக்கிறோம்;
மிர்த்தா ஓரிடத்தில் நின்று
கால் மாற்றி நின்றபடி சொல்கிறாள்:
“அந்த மாடியில ஒரு கழிப்பறை இருந்துதா, பார்த்தீங்களா?
ஒன்பது நாளா
கேட்கவே தோணலையே.”