மற்றவை

வர்ஜீனியாவில், மனாசஸ் ஊருக்கு வெளியே
ஜன்னல் இல்லாத ஒரு கட்டடம்.
இரவு ஷிஃப்ட் எனக்கு.
வேலை, உறை பிரிப்பது.
காசோலை இடத் தட்டில்,
ரொக்கம் நடுத் தட்டில்,
மற்றவை காலடிப் பெட்டியில்.

மற்றவை என்றால்
மனிதர்கள் எழுதி அனுப்புவது.

கடிதம் எழுதுகிறவர் க்ளைட் பெர்ரிமன், மேல்தளத்தில்.
நல்ல மனிதர். லிஃப்ட் கதவைப்
பிடித்துக்கொண்டு நிற்பார் நமக்காக.
செனட்டரின் பெயரில் எழுதுவார்:
"அன்புள்ள நண்பரே,
மணி இரண்டு. தூக்கம் வரவில்லை.
சமையலறை மேஜையில் உட்கார்ந்து
உங்களுக்கு இதை எழுதுகிறேன்."
இரண்டு மணிக்கு விழித்திருப்பது
நானும்
கையெழுத்துப் போடும் இயந்திரமும்தான்.

ஒருமுறை இரண்டு விதமாக எழுதி
ஐயாயிரம் ஐயாயிரமாய் அனுப்பிப் பார்த்தார்கள்.
ஒன்றில், நாடு நிமிரும் என்று இருந்தது.
மற்றதில், பள்ளியை, தேவாலயத்தை,
அலமாரியில் இருக்கும் துப்பாக்கியைப்
பறிக்க வருகிறார்கள் என்று.
யார் வருகிறார்கள் என்று இல்லை.
அவர்கள். அவ்வளவு போதும்.
முதலாவதற்கு நூற்றுக்கு ஒருவர் பணம் அனுப்பினார்.
இரண்டாவதற்கு நான்கு பேர்.
அதன்பிறகு எங்கள் கடிதங்களில்
நாடு நிமிரவே இல்லை.

நெப்ராஸ்காவில், கார்னியிலிருந்து
ஆர்ஃபா லிண்ட்ஸ்ட்ராம்.
மாதா மாதம் ஏழு டாலர்.
ஐந்தும் இல்லை, பத்தும் இல்லை.
கருத்துக்கணிப்புத் தாளில்
ஆம், இல்லை கட்டங்களைத் தொடாமல்
ஓரமெல்லாம் பென்சிலால் எழுதியிருப்பார்:
"மூன்றாம் கேள்விக்கு ஒரே சொல்லில் பதில் கிடையாது.
என் தங்கை மகன் யூனியன்காரன்.
கெட்டவன் என்று சொல்ல மாட்டேன்."
யாரும் எண்ணாத தாள் அது.
படித்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டேன்.

பிப்ரவரியில் தடித்த உறை ஒன்று.
ஏழு டாலர். கூடவே தட்டையான தகர டப்பா,
பசுவின் மடியில் பூசுகிற களிம்பு.
"செனட்டர் அவர்களுக்கு,
போன கடிதத்தில் உங்கள் பெயரின்
கடைசி எழுத்து நடுங்கியிருந்தது.
இத்தனை பேருக்குப் போட்டால் கை என்ன ஆகும்?
ராத்திரி பூசி, துணி சுற்றிப் படுங்கள்.
இரண்டு மணிக்கு எழுந்து எனக்கு எழுத வேண்டாம்.
பணம் எப்படியும் அனுப்புவேன்."

அந்த வாரம் இயந்திரத்தில்
நிப்பு தேய்ந்திருந்தது.

மேற்பார்வையாளர் ஹால்வர்சன் டப்பாவை
மூன்று தட்டுகளுக்கும் மேலே பிடித்து யோசித்தார்.
"மற்றவை" என்றார்.
பிறகு அட்டையில் குறித்தார்:
ஏழு டாலர்காரி, பரிசும் அனுப்புகிறாள்,
அடுத்து பதினைந்து கேட்கலாம்.

அந்தக் கடிதத்தை நான்தான்
பெர்ரிமனிடம் கொண்டுபோய்க் காட்டினேன்.
ஏன் காட்டினேன் என்று இன்றும் தெரியாது.
இரண்டு தடவை படித்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"அருமை" என்றார்,
பென்சிலைத் தேடினார்.

ஏப்ரல் கடிதத்தில்
செனட்டருக்குக் கை வலித்தது.
பின்குறிப்பில், நீல மையில்,
வேண்டுமென்றே கொஞ்சம் கோணலாக.
நூற்றுக்கு எட்டு பேர்.

மே முழுக்க வந்துகொண்டிருந்தன
கம்பளிக் கையுறை, தைலம், வெந்நீர்ப் பை,
யாரோ ஒருவரின் இறந்துபோன கணவர்
வைத்திருந்த மணிக்கட்டுப் பட்டை.
காலடிப் பெட்டி போதாமல்
இன்னும் இரண்டு கொண்டுவந்து வைத்தார்கள்.

கார்னியிலிருந்து,
பதினைந்து கேட்டதற்கு ஏழு டாலர்.
ஓரத்தில் ஒரே வரி:
"இன்னும் பூசிக்கொள்ளவில்லையா?"

பூசிக்கொண்டிருந்தேன்.
உறை விளிம்பு கீறிய பத்து விரலிலும்
தினமும், உணவு இடைவேளையில்.
பதில் எழுத எங்களுக்கு அனுமதி கிடையாது.
மாட்டுக்கொட்டில் வாசனை அதற்கு,
கழுவினாலும் போகாது.
காசோலைகளில் ஏறிவிட்டதென்று
வங்கியிலிருந்து புகார் வந்தது.