உடைசல் கணக்கு

சாயங்காலம் ஐந்தரை. புதுச்சத்திரம் பண்ணை.
எட்டுக் கொட்டகையின் சிட்டையும் மேசைக்கு வந்தாயிற்று.
கூட்டிப் பார்த்தேன்: ஒரு லட்சத்து மூன்று.
மறுபடியும் கூட்டினேன்,
கோழி எண்ணியா இடுகிறது.

முப்பது கொள்ளும் டிரேக்கள் எல்லாம் நிறைந்து
பதின்மூன்று முட்டை தனியே கிடந்தன.
அண்ணன் தம்பி மூவருக்கும் சரிபங்கு போட வேண்டும்.
கொட்டகையைப் பிரிக்க மனசு ஒப்பாமல்
முட்டையைப் பிரித்துக்கொள்கிறவர்கள்.
மூன்றால் வகுத்தேன். ஒன்று மிச்சம்.

ஒன்றுதானே என்று விட்டிருக்கலாம்.
இரண்டால் வகுத்தேன், ஒன்று. ஏழால், அப்போதும் ஒன்று.
பதினொன்றுக்கு இரண்டு. பதின்மூன்றுக்கு ஏழு.
இருபத்து மூன்றுக்கு ஒரே ஒரு முட்டை போதாமல் போயிற்று,
ஓடி வந்தும் பஸ்ஸை விட்டவள் போல நின்றேன்.
தீவன பில்லின் முதுகு நிறைந்துவிட்டது.

"ஏனுங் மேடம், கணக்கு இன்னும் முடியலீங்களா?"
பாலக்காட்டு லாரியின் பின்கதவில் சாய்ந்திருந்தான் சடையப்பன்.
"பொறு."
முந்நூற்றுப் பதின்மூன்று வரை போனால் போதும்;
அதற்கடுத்து வருகிறவன் தன்னைத்தானே பெருக்கினாலே
இதைத் தாண்டிவிடுவான்.
அறுபத்தைந்து பேர் வந்து தட்டினார்கள்.
கதவு திறக்கவில்லை.

பகா எண்.
பாகப்பத்திரம் எழுத முடியாத எண்.
பங்காளி கிடையாது; ஒன்றும் தானும், அவ்வளவுதான் குடும்பம்.
ஒரு லட்சத்து மூன்று எட்டுகளை வரிசையாகப் பெருக்கினால்
கொல்லிமலை உயரத்துக்கு ஓர் எண் வரும்.
அதை இதனால் வகுத்தால்
மீதியாக அந்த எட்டே வந்து நிற்கும்,
பாலக்காடு போன லாரி காலி டிரேயோடு திரும்புகிற மாதிரி.
பின்னாலிருந்து வாசித்தால் மட்டும் மூன்று லட்சத்து ஒன்று.
பதின்மூன்று தட்டினால் அது விண்டுவிடும்.

யாரிடம் சொல்ல?
என் எம்.எஸ்சி.யை இந்த மேசை கேட்டதே இல்லை.
சின்னவர் செல்லில் கூப்பிட்டார், பங்கு எவ்வளவு என்று.
"ஒண்ணு மிஞ்சுதுங்க."
"அண்ணன் பக்கம் போட்றாதீங்க."

பதின்மூன்றை இரண்டு வரிசையாக அடுக்கப் பார்த்த
சடையப்பன் கையிலிருந்து ஒன்று வழுக்கியது.
சிமென்ட் தரையில் மஞ்சள். உடனே ஈ.

ஒரு லட்சத்து இரண்டு.
இரண்டும் மூன்றும் ஏழும்
செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்துவிட்டன.
ஆளுக்கு முப்பத்து மூவாயிரத்து முந்நூற்று முப்பத்து நான்கு.
மிச்சப் பன்னிரண்டும் ஆறாறாக, நேராக.

"தெரியாம விட்டுட்டனுங் மேடம்."
"பரவால்ல. கணக்கு நேராயிருச்சு."

லாரி சேலம் ரோட்டில் ஏறி மறைந்தது.
உடைசல் பத்தியில் ஒன்று என்று எழுதினேன்.
எது உடைந்தது என்பதற்கு அதில் கட்டமில்லை.
தீவன பில்லை நாலாக மடித்து
சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்துக்கொண்டு
ஆறே முக்கால் பஸ்ஸுக்கு நடந்தேன்.