கரையாதது

எண்பத்து நாலு குளிசை முடிந்த பிறகு
லாபிர் வந்து
என் கவுண்டர்க் கண்ணாடிக்கு நேரே காலைத் தூக்கிக் காட்டினார்.
வரிசை முகத்தைத் திருப்பிக்கொண்டது.
நகம் பழையபடியே,
காய்ந்த செதிலின் மஞ்சளில்.
"மருந்து பொய், மிஸ்."

பொய்யில்லை.
ஆனால் மெய்யென்று சொல்லவும்
எனக்கு வாய் வரவில்லை.

கிரிசியோபல்வின்.
தண்ணீரோடு இதற்குப் பேச்சுவார்த்தை இல்லை.
நிலாவெளி உப்பளத்தில் அள்ளிய ஒரு பிடி
குவளைக்குள் விழுந்த கையோடு காணாமற்போகும்.
இது புல்மோட்டைக் கறுமணல்.
எவ்வளவு கலக்கினாலும் அடியில் கிடந்து
நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்.
வயிற்றைக் கடந்து,
குடலின் இருபதடி வளைவையும் கடந்து,
நித்திரையில் ஊரைத் தவறவிட்ட பஸ் பயணிபோல
கடைசித் தரிப்பில் இறங்கிப் போய்விடும்.
கரைந்தால்தானே இரத்தம் அதைக் காணும்?

இதைச் சொல்ல எனக்குக் கிடைப்பது
ஆளுக்கு நாற்பது வினாடி.

கிளினிக் அட்டையில் தொழில்: ஐஸ் உடைத்தல், கொட்பே.

"கட்டியை அப்படியே சூரைமீனுக்கு மேல வச்சா?"

சிரித்தார்.
"நாறிப்போகும். கட்டி ஒரு பக்கந்தான் தொடும்.
நொறுக்கினாத்தான் செவுளுக்குள்ள ஓடும்."

நிறை ஒன்றுதான், லாபிர்.
தொடுகிற இடம்தான் வேறு.

இரண்டு பெட்டிகளை எடுத்துவைத்தேன்.
பெயர் ஒன்று.
புதியதில் 'மைக்ரோ' என்று ஒரு சொல் கூட.
ஒரு தலைமயிரின் அகலத்துக்குள்
பத்துப் பன்னிரண்டு துகள் வரிசைகட்டும்,
அவ்வளவு அரைத்திருக்கிறார்கள்.

"அப்ப இன்னும் அரைச்சா?"
கேட்டவரே யோசித்தார்.
"இல்ல மிஸ், தூளாக்கி ராவைக்கு விட்டா
விடிய மறுகா கட்டிதான்.
மரத்தூள் கலந்தா ஒட்டாது.
ஆனா மீனுக்கு அது ஆகா."

மூன்றாம் வருடப் பரீட்சையில்
நான் ஒன்றரைப் பக்கம் எழுதிக் கோட்டைவிட்ட விடை.
நுண்மை கூடக் கூடத் துகளுக்குத் துகள் மேல் ஆசை கூடும்.
பிரித்துவைக்க நடுவில் ஏதாவது வேண்டும்,
ஒவ்வொன்றுக்கும் ஒரு மெல்லிய சட்டை,
தின்னக்கூடிய மரத்தூள்.
அதைத் தேடித்தான் உலகத்தில் பாதி ஆய்வுகூடங்களில்
இன்னும் விளக்கெரிகிறது.

புதிய பெட்டியின் லேபிளில் பேனையால் எழுதினேன்:
வெறும் வயிற்றில் வேண்டாம்.
தேங்காய்ப்பால் சொதியோடு.
கொழுப்பு வந்தால் பித்தம் வரும்,
பித்தம் வந்தால் இதைத் தோளில் தூக்கும்.

"பால்கறி தொடாதேண்டு
கொலஸ்ட்ரோல் டொக்டர் சொன்னாரே?"

நான் பதில் வைத்திருக்கவில்லை.
பேரம் பேசினோம்.
இராச்சோற்றுக்கு மட்டும், இரண்டு அகப்பை.
அந்த டொக்டருக்கு ஒரு துண்டும் எழுதிக் கொடுத்தேன்.
அவர் வாசித்தாரோ தெரியாது.

வாடைக்காற்றில் படகுகள் கரையேறிய மாதம்
லாபிர் மறுபடி வந்தார்.
கண்ணாடிக்கு நேரே அதே கால்.
நகத்தின் அடியில்,
தோல் தொடங்கும் இடத்தில்,
அரிசிமணியின் தடிப்புக்கு
ஒரு சுத்தமான கோடு.

அவ்வளவுதான்.
அவ்வளவு.

அன்று காலை கொழும்பிலிருந்து வந்த பெட்டிகளில்
அந்தச் சொல் இல்லை.
பழைய சரக்கு.
என் உரலில் நாள்முழுக்க இடித்தாலும்
அந்த நுண்மை வராது.
அடித்தட்டில் மிச்சம் இருந்தது
புதியதில் ஒரே ஒரு பெட்டி.
அவருக்காகத்தான் ஒதுக்கினேன்,
ஒதுக்கியதாக எங்கும் பதியவில்லை.

அவருக்குப் பின்னால் ஒரு சிறுமி,
துணி விலகிய தலையில்
காசளவில் மூன்று வழுக்கை வட்டம்.
கையில் சீட்டு.
அதே மருந்து.

லாபிர் திரும்பிப் பார்த்தார்.
பிறகு அடித்தட்டைப் பார்த்தார்.
காலைச் செருப்புக்குள் நுழைத்தார்.
"நகம் எங்க போகப்போகுது?
ஓடர் வரக்கொள்ள ஒரு கோல் அடிங்க."

சிறுமியின் தாயிடம் கேட்டேன்:
"வீட்டில பால் இருக்கா?
ஆடை எடுக்காத பால்?"