திங்கட்கிழமை மனு

டோக்கன் முப்பத்தொன்று.
பெயர் மாதேஸ்வரி, செவ்வாய்ப்பேட்டை,
கொலுசுக்கு மணி பற்றவைக்கும் வேலை.

தை மாதம் மகளுக்கு மூளைக்காய்ச்சல்.
கழுத்து விறைத்து
தாடை நெஞ்சைத் தொடவில்லை.
பிழைத்தாள்.
பிழைத்ததே போதுமென்று சீட்டெழுதி அனுப்பினார்கள்.
காது கேட்கிறதா என்று யாரும் பார்க்கவில்லை,
நானும்தான்.
மாசியில் புதுக் கொலுசை அவள் முதுகுக்குப் பின்னால்
குலுக்கினேன்.
குலுக்கிக்கொண்டே இருந்தேன்.

பணம் கேட்டு வரவில்லை சார்.
வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு பரிசோதனை,
இந்தக் காய்ச்சலில் பிழைத்த எல்லாப் பிள்ளைக்கும்.
நாள் தள்ளினால் உட்காது எலும்பாக இறுகிவிடுமாம்;
எனக்குச் சொன்னபோது இறுகியிருந்தது.

பின்னால் நிற்கிறாரே, வெள்ளையன்,
ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை.
அவர் மனுவும் என் கையெழுத்துதான்,
பிழையிருக்கும்.
என்னுடையதைப் பிறகு பாருங்கள்.
அவர் மகனுக்கு
நாளை காலை டிஸ்சார்ஜ்.