ஆள் இருக்கு

கிளிமெண்டி உணவங்காடி, மதியம் பன்னிரண்டு நாற்பது.
எதிர் நாற்காலிக்கு நேரே மேசையில்
ஒரு டிஷ்யூ பொட்டலம்.
ஆள் அவ்வளவுதான்.

ஒன்பது மாதமாய் என் நான்காம் இயல் நகரவில்லை.
தரையில் குடம் இல்லை என்பதைக்
கண்ணே காண்கிறது என்கிறார்கள் நியாயிகர்கள்.
காணாமையே தனியொரு அளவை என்று
மல்லுக்கு நிற்கிறார்கள் மீமாம்சகர்கள்.
இல்லாததை நினைக்கவும் முடியாது, சொல்லவும் முடியாது:
இது கிரேக்கக் கரையிலிருந்து.
நடுவில் பாலம் கட்டுகிறேன் என்று
மானிய விண்ணப்பத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.
கரைகள் அசையாமல் நிற்குமா என்று
விண்ணப்பத்தில் யாரும் கேட்கவில்லை.

தட்டோடு ஒரு பையன்.
"அக்கா, இங்க ஆள் இருக்கா?"
"இருக்கு" என்றேன்
யாருமற்ற நாற்காலியைக் காட்டி.

வாய் சொன்ன பிறகுதான் காதுக்கு எட்டியது.

தாள் இல்லை. பொட்டலத்தைக் கிழித்து
ஒரு டிஷ்யூவை உருவி
மைப்பேனாவால் அந்த ஒற்றைச் சொல்லை எழுதினேன்.
நிமிர்ந்தால்
பொட்டலம் என் மடியில்,
பையன் நாற்காலியில், பாதி மீ கோரெங் காலி.
பின்னால் மீன் சூப் கிண்ணத்தோடு
ஒரு சீன ஆன்ட்டி,
தன் பொட்டலத்தைத் தேடும் கண்களுடன்.

எந்த அளவையால் விளக்குவேன்?
"சாரி, ஆன்ட்டி."
எழுந்து என் இடத்தைக் கொடுத்தேன்.

எம்ஆர்டி வாசலில் டிஷ்யூவை விரித்துப் பார்த்தேன்.
மை பரவிவிட்டது.
எழுதியது இருக்கு என்றா, இருக்கா என்றா,
கடைசி எழுத்து பிடிபடவில்லை.