அழுத்தாதே

உள்ளங்கையில் அடங்கும் எண்ணும் கருவி.
தலைக்கு ஒரு டிக்.
மூன்றாம் கேட்டில் நான்,
நான்காவதில் முபீனா.
சனிக்கிழமைச் சம்பளம் அறுநூறு,
ஒரு பிரியாணிப் பொட்டலம்,
முதுகில் கம்பெனி பெயர் போட்ட டீ-ஷர்ட்.

அனுமதி எட்டாயிரம் பேர். நாலு கேட்.
ஆறு ஐம்பதுக்கு கஜபதி அண்ணன் வந்து
கருவியை எட்டிப் பார்த்தார்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழு.
"போதும்மா, இனிமே அழுத்தாதே,
கை வலிக்கப் போவுது" என்றார்.
அன்பாகத்தான் சொன்னார்.

கருவியைப் பாக்கெட்டில் போட்டேன்.
வரிசை விருதம்பட்டு வரை நின்றது.
தண்ணீர் போகாத பாலாற்றில்
வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.
கட்டைவிரல் மட்டும் சொன்ன பேச்சு கேட்காமல்
ஆள்காட்டி விரல் எலும்பில்
அழுத்திக்கொண்டிருந்தது.

அவசர வழி என்ற போர்டை
ஜெனரேட்டர் லாரி மறைத்து நின்றது.
டிரைவர் சாப்பிடப் போயிருந்தார்.
மேடையிலிருந்து "எல்லாரும் முன்னாடி வாங்க"
என்று மைக் கூப்பிட்டது.
வந்தார்கள்.
தடுப்புக் கம்பி ஓரம் யாரோ ஒரு பெண்
"அழுத்தாதீங்கண்ணா, அழுத்தாதீங்க" என்றது
விலா எலும்பை அதிரவைத்த டிரம்முக்கு நடுவில்
எனக்குக் கேட்டது.

ஞாயிறு காலை கூட்டிப் பெருக்க இருநூறு தனி.
வார நாளில் ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில் எனக்கு வேலை:
இடது, வலது பார்த்து ஜோடி சேர்ப்பது,
தையல் பார்ப்பது.
குவித்து வைத்த செருப்புகளை
கை தானாக ஜோடி சேர்க்க ஆரம்பித்தது.
ஒற்றை மட்டும் இருநூற்றுப் பத்து.
அதில் ஒன்று, இடது கால், முப்பத்தாறாம் நம்பர்,
நாக்குக்கு அடியில் என் முத்திரை.
அரை மில்லிமீட்டர் கோணல் என்று
நான் ஏற்றுமதியிலிருந்து தள்ளியது.
செகண்ட்ஸ் கடையில் யாரோ
ஆசையாக வாங்கியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை விசாரணை.
ஃபைலில் நாலு கேட்டும்
இரண்டாயிரத்துக்குச் சற்றுக் கீழே.
"உன் கையெழுத்துதானே?"
"ஆமா சார்."
"எண்ணிக்கை சரியா?"
கதவோரம் கஜபதி அண்ணன்
செல்போனைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மெஷின்ல இருக்கிறது சரி சார்.
மீதியை விரல்ல எண்ணினேன்.
மூணாவது கேட் மட்டும்
மூவாயிரத்து நானூத்தி ஆறு.
அதுவும் ஏழரை வரைக்கும்தான்.
அதுக்கப்புறம் என் கை
ஒரு பொண்ணோட கையைப் பிடிச்சிருந்தது."